கோடுகளை நகர்த்தியவர்

1930 அக்டோபரில் ஒரு நாள், பாரிஸின் மொம்பர்னாஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய ரூ து தெபார் தெருவில் 26ஆம் எண் கட்டடத்துக்கு அலெக்சாண்டர் கால்டர் என்ற அமெரிக்கர் போனார். அவருக்கு அப்போது 32 வயது. கம்பியை வளைத்துக் கையடக்கமாக ஒரு சர்க்கஸ் செய்து, அதைத் தானே ஆட்டிக் காட்டிப் பாரிஸ் கலைஞர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர். அவர் பார்க்கப் போனவரோ சிரிப்புக்குப் பேர்போனவர் இல்லை. 58 வயது, கல்யாணம் ஆகாதவர், வட்டக் கண்ணாடி, படிய வாரிய தலை, ஓவியர் என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்குத் துப்புரவான உடை. பீட் மோண்ட்ரியான்.

கால்டரை முதலில் அசரவைத்தது ஓவியங்கள் இல்லை, அறைதான். சுவர்கள் வெள்ளை. இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்ததால் வெளிச்சம் குறுக்கே வந்து விழுந்தது. சுவரில் அங்கங்கே சிவப்பு, மஞ்சள், நீல அட்டைகள் குத்தப்பட்டிருந்தன. இசைத்தட்டுப் பெட்டிக்குக்கூடச் சிவப்பு வர்ணம் அடித்து வைத்திருந்தார் மனிதர். ‘இந்தச் செவ்வகங்களை எல்லாம் ஆடவிட்டால் வேடிக்கையாக இருக்குமே’ என்று கால்டர் சொல்லிப்பார்த்தார். மோண்ட்ரியான் முகத்தில் சலனமே இல்லாமல் பதில் சொன்னார்: அது தேவையில்லை, என் ஓவியம் ஏற்கெனவே மிகவும் வேகமாகத்தான் இருக்கிறது.

கால்டர் வீடு திரும்பி இரண்டு மூன்று வாரம் அரூப ஓவியம் தீட்டிப் பார்த்தார். சரிப்படவில்லை. கம்பிக்கே திரும்பினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் காற்றில் அசையும் சிற்பங்களைச் செய்யத் தொடங்கினார். அவற்றுக்கு ‘மொபைல்’ என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம். சிற்பக்கலையில் ஒரு கிளை முளைப்பதற்கு இந்த ஒரு மாலைநேரச் சந்திப்பு காரணமாக இருந்தது என்பது கலை வரலாற்றுப் புத்தகங்களில் உள்ள செய்தி. என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தப் பதில். கறுப்புக் கோடு, வெள்ளைப் பரப்பு, மூன்று வர்ணம். இதில் வேகம் எங்கே இருக்கிறது?

மோண்ட்ரியானின் பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கும் அவருடைய கட்டங்கள் தெரியும். கைப்பை, தேநீர்க் கோப்பை, ஷாம்பு பாட்டில், காலுறை, கைப்பேசி உறை என்று அவை ஏறாத பொருள் இல்லை. 1965இல் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லொரான் அவற்றைக் கவுனாகத் தைத்தார். அந்தத் தையலில் ஒரு சாமர்த்தியம் உண்டு: உடம்பின் வளைவுக்காகத் துணியில் போடவேண்டிய மடிப்புகளைக் கட்டங்களின் இணைப்புக்குள்ளேயே ஒளித்துவிட்டார், பார்ப்பவருக்குத் தட்டையான படம்போலத்தான் தெரியும். பாரிஸ் ‘வோக்’ அதை அட்டையில் போட்டது, சில மாதங்களுக்குள் மலிவு நகல்கள் கடைகளில் குவிந்தன. அந்த நாளிலிருந்து மோண்ட்ரியான் என்றால் ஒரு டிசைன். அளவுகோலும் மூன்று டப்பா வர்ணமும் இருந்தால் யாரும் போட்டுவிடலாம் என்ற எண்ணமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த எண்ணம் அச்சுப் படத்தைப் பார்த்து வருவது. அச்சில் வெள்ளை என்றால் காகிதத்தின் வெள்ளை. கித்தானில் அப்படி இல்லை. 1920களின் தொடக்கத்தில் தீட்டிய படங்களில் ஒரு வெள்ளைக் கட்டம் நீலம் பாய்ந்திருக்கும், பக்கத்துக் கட்டம் சாம்பலாக இருக்கும், இன்னொன்றில் பழைய சுண்ணாம்புச் சுவரின் மஞ்சள் தட்டும். ஒரு கட்டத்தில் தூரிகை மேலிருந்து கீழே இழுத்திருக்கும், அடுத்ததில் இடமிருந்து வலம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கறுப்புக் கோடு பளபளப்பாகவும் அதைச் சுற்றியுள்ள வெள்ளை மேடாகவும் இருப்பது தெரியும். வெள்ளை மேல் மேலாகப் பூசப்பட்டு, கோடு பள்ளத்தில் கிடக்கிற வாய்க்கால் மாதிரி ஆகியிருக்கும். அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் கோடுகள் விளிம்புவரை ஓடுவதில்லை. கித்தானின் ஓரத்துக்கு ஒரு விரல்கடை இருக்கும்போதே நின்றுவிடுகின்றன. சூரிச் நகரின் குன்ஸ்ட்ஹவுஸில் உள்ள 1930ஆம் ஆண்டுப் படம் எல்லோரும் அறிந்தது: பக்கத்துக்கு 46 சென்டிமீட்டர்தான், வலது மேல்புறம் முழுவதையும் சிவப்பு பிடித்துக்கொண்டிருக்கும், இடது கீழ்மூலையில் நீலம், வலது கீழ் ஓரத்தில் நறுக்குப்போல மஞ்சள். அதன் இடது ஓரத்தில் உள்ள சின்னக் கிடைக்கோடு மற்றவற்றைவிடத் தடிமன். அந்தக் கோட்டை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். அவ்வளவு பெரிய சிவப்பு வலது பக்கமாகச் சரிந்து படத்தையே கவிழ்த்துவிடும். விரலை எடுத்தால் நிமிர்ந்துவிடும். இந்த இழுபறியைத்தான் அவர் வேகம் என்றார் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்துக்கு வந்து சேர அவருக்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

நெதர்லாந்தின் அமர்ஸ்ஃபோர்ட் ஊரில் 1872 மார்ச் 7 அன்று பிறந்தார். முழுப்பெயர் பீட்டர் கொர்னேலிஸ் மோண்ட்ரியான். தந்தைக்கும் அதே பெயர். தந்தை கால்வினிய மதப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர், கண்டிப்பானவர், ஓரளவு வரையத் தெரிந்தவர். சித்தப்பா ஃப்ரிட்ஸ் இயற்கைக் காட்சி ஓவியர். அவரோடு வயல்வெளிக்குப் போய்த்தான் பையன் தூரிகை பிடிக்கக் கற்றான். ஓவியம் வரைந்து பிழைக்க முடியாது என்ற கவலை எல்லா வீட்டிலும் உள்ளதுதானே. முதலில் ஓவிய ஆசிரியர் சான்றிதழை வாங்கு என்றார்கள், வாங்கினார். 1892இல் ஆம்ஸ்டர்டாம் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். ‘பிரி தெ ரோம்’ பரிசுக்கு இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் தோற்றார். அருங்காட்சியக ஓவியங்களைப் பார்த்து நகல் எடுப்பது, ஆள் உருவம் தீட்டுவது, ஆய்வுக்கூடத்துக்குப் பாக்டீரியாக்களின் படம் போட்டுக்கொடுப்பது என்று கிடைத்த வேலையைச் செய்தார்.

36 வயதுவரை காற்றாலை, ஆற்றங்கரை, மாலை மேகம், பசுமாடு. கெயின் ஆற்றோரப் பண்ணைவீடுகளை அந்தி வெளிச்சத்தில் திரும்பத் திரும்பத் தீட்டியிருக்கிறார். நல்ல படங்கள். ஆனால் அன்றைய ஹாலந்தில் அப்படித் தீட்டக்கூடியவர்கள் நூறு பேர் இருந்திருப்பார்கள். 1908க்கு முன் அவர் இறந்திருந்தால் இன்று ஏதாவது ஒரு மாகாண அருங்காட்சியகத்தின் மாடிப்படி ஓரத்தில் இரண்டு படம் தொங்கிக்கொண்டிருக்கும்.

1908இல் ஸேலாந்து மாகாணத்தின் டோம்பர்க் என்ற கடற்கரை ஊருக்குப் போகத் தொடங்கினார். யான் தோரொப் போன்ற ஓவியர்கள் அங்கே கூடுவார்கள். மணல்மேடு, கலங்கரை விளக்கம், கடல். வர்ணங்கள் திடீரென்று கொளுத்தத் தொடங்கின: நீல வெளியில் சிவப்பு மரம், இளஞ்சிவப்புக் கோபுரம். மறு ஆண்டு மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் பிரம்மஞான சபையில் உறுப்பினரானார். சபையின் தலைமையகம் அப்போதே சென்னை அடையாற்றில் இருந்தது. தலைவர் அன்னி பெசன்ட். அடையாற்றுக் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த ஜித்து கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனைச் சபையின் முக்கியஸ்தர் லெட்பீட்டர் ‘கண்டெடுத்த’தும் அதே 1909தான். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரே ஆண்டில் ஒரே சபை, வங்கக் கடலோரம் ஒரு பையனையும் வடகடலோரம் ஒரு நடுவயது ஓவியரையும் பிடித்துக்கொண்டது என்று எண்ணிப் பார்க்கையில் ஒரு சிலிர்ப்பு வரத்தான் செய்கிறது.

பிரம்மஞானம் அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை. சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கியின் படத்தை அறையில் வைத்திருந்தார், கடைசிவரை உறுப்பினராகவே இருந்தார். கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது, எதிரெதிரானவை இணையும் இடத்தில் அது புலப்படும், ஆணும் பெண்ணும், ஆவியும் சடமும், நிமிர்ந்ததும் கிடந்ததும் அங்கே ஒன்றாகும்: சபையிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட சாரம் இதுதான். இதை முதலில் நேரடியாகவே வரைந்து பார்த்தார். ‘பரிணாமம்’ என்று மூன்று பெரிய பலகங்கள், 1910–11இல். விறைத்து நிற்கும் நீலநிற நிர்வாணப் பெண். மூன்று படத்திலும் அவளே. ஒன்றில் கண் மூடி, ஒன்றில் அகலத் திறந்து, ஞானம் அடைகிறாளாம். அவர் தீட்டியவற்றிலேயே மோசமான படம் எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். கொள்கையை நேரே படமாக்கினால் நாள்காட்டிச் சாமி படம்தான் வரும், அதிலும் சுமாரான சாமி படம். அவரும் அதை உணர்ந்திருக்க வேண்டும். அதன்பின் அந்த வழிக்கே போகவில்லை.

1911 இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கண்காட்சியில் பிராக், பிக்காசோ ஆகியோரின் கியூபிசப் படங்கள், பொருள்களைக் கோணத் துண்டுகளாக உடைத்து வரைந்தவை, வந்தன. கண்காட்சியை நடத்திய குழுவில் மோண்ட்ரியானும் இருந்தார். அடுத்த சில வாரங்களில் நிச்சயித்திருந்த திருமணத்தை முறித்துக்கொண்டு பாரிஸுக்கு ரயில் ஏறிவிட்டார். வயது 39. கையெழுத்தில் தன் பெயரிலிருந்த இரட்டை ‘a’வில் ஒன்றை வெட்டி எறிந்தார். டச்சுக்காரர் என்ற வாசனை போகட்டும் என்றோ என்னவோ. இவருடைய முதல் நீக்கல் இது.

இந்த மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் மரங்களைப் பார்க்க வேண்டும். டென் ஹாக் (ஹேக்) நகரின் குன்ஸ்ட்மியூசியத்தில் அவருடைய படங்கள் முந்நூறு அளவில் இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இவ்வளவு இல்லை. ஸாலமோன் ஸ்லைப்பர் என்ற சேகரிப்பாளர் யாரும் சீந்தாத காலத்தில் வாங்கிச் சேர்த்து, 1971இல் அந்த அருங்காட்சியகத்துக்கே போய்ச்சேர்ந்தவை பெரும்பாலானவை. மூன்று மரங்கள் அங்கே இருக்கின்றன. 1908–10இன் ‘சிவப்பு மரம்’: நீல மாலையில் இலையுதிர்ந்த ஓர் ஆப்பிள் மரம், கிளைகள் நெருப்பாக வளைந்து தரையைத் தொடுகின்றன. 1911இன் ‘சாம்பல் மரம்’: அதே வளைவு, ஆனால் வர்ணம் வடிந்துவிட்டது, கிளைகளுக்கு இடையிலுள்ள காற்றும் கிளையைப் போலவே கெட்டியாகத் தீட்டப்பட்டிருக்கிறது. 1912இன் ‘பூத்த ஆப்பிள் மரம்’: மரமும் போய்விட்டது. நீள்வட்ட வளைவுகள் மீன்செதில்போல ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கின்றன. தலைப்பைப் படிக்காமல் பார்த்தால் மரம் என்று தோன்றாது, படித்தபின் பார்த்தால் வேறெதுவாகவும் தோன்றாது. இன்னும் இரண்டு ஆண்டு போனால் அந்த வளைவுகளும் நிமிர்ந்து கட்டங்களாகிவிடும். பிக்காசோ இந்த எல்லைவரை வந்து திரும்பிவிட்டார். ஒரு கிதார், ஒரு மூக்கு, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல் அவரால் இருக்க முடியாது. மோண்ட்ரியான் கையை விட்டுவிட்டார்.

1914 கோடையில், நோயுற்றிருந்த தந்தையைப் பார்க்க ஹாலந்து வந்தார். போர் மூண்டது. பாரிஸில் அறையும் படங்களும் அப்படியே கிடக்க, ஐந்து வருடம் திரும்ப முடியவில்லை. மறுபடியும் டோம்பர்க் கடற்கரை. கடலுக்குள் நீளும் மரத்தூண் வரிசையையும் அலையில் மினுங்கும் வெளிச்சத்தையும் பார்த்துச் சிறுசிறு நிமிர்ந்த கோடு, கிடந்த கோடு மட்டும் போட்டு வரைந்தார். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் ஒரு முட்டைவடிவப் பரப்பில் இறைந்து கிடப்பதுபோல இருக்கும். கரிக்கோலால் ஆரம்பித்து 1915இல் தைல வண்ணத்தில் கறுப்பு வெள்ளையாக முடித்தார். அதற்குப் பெயர் ‘கம்போசிஷன் 10’. மிகவும் அமைதியான படம். இருட்டில் கடற்கரையில் நின்றவர்களுக்கு உடனே பிடிபடும்.

லாரன் என்ற ஊரில் தங்கியிருந்தபோது ஸ்கூன்மேக்கர்ஸ் என்ற முன்னாள் பாதிரியாருடன் பழக்கம். கணிதமும் மறைஞானமும் கலந்து எழுதுகிறவர். பூமி சூரியனைச் சுற்றும் கிடையான பாதையும் சூரியக் கதிரின் நிமிர்ந்த பாய்ச்சலும்தான் உலகின் இரு அடிப்படை எதிர்நிலைகள், அடிப்படை வர்ணங்கள் மஞ்சள், நீலம், சிவப்பு என்றெல்லாம் சொல்லிவந்தவர். மோண்ட்ரியான் பிறகு தன் கலைக்கு வைத்துக்கொண்ட பெயரே, ‘புதிய உருவாக்கம்’ என்று சொல்லத்தக்க அந்த டச்சுச் சொல்லே, இவரிடமிருந்து வந்ததுதான். பாதிரியாரின் புத்தகங்களை இன்று யாரும் படிப்பதில்லை. அதே காலத்தில் தியோ வான் டூஸ்பர்க், பார்ட் வான் டெர் லெக் ஆகிய ஓவியர்களும் வந்து சேர்ந்தார்கள். 1917 அக்டோபரில் ‘டெ ஸ்டைல்’ இதழ் தொடங்கியது. ஓவியர்கள், கட்டடக்கலைஞர்கள், மரச்சாமான் செய்பவர் என்று பலர் அதில் எழுதினார்கள். முதல் இதழிலிருந்து நீண்ட தொடராக எழுதியவர் மோண்ட்ரியான். கட்டுரைகள் கரடுமுரடானவை. ஒரே கருத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். எழுதும்போது வெட்டத் தெரியாதவர் வரையும்போது மட்டும் எப்படி அவ்வளவு வெட்டினார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

1919இல் பாரிஸ் திரும்பினார். அடுத்த ஆண்டு ‘நியோ பிளாஸ்டிசிசம்’ என்ற சிறு நூலை வெளியிட்டு, ‘எதிர்கால மனிதர்களுக்கு’ என்று சமர்ப்பணம் செய்தார். நிகழ்கால மனிதர்கள் படம் வாங்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். பிழைப்புக்கு நீர்வண்ணத்தில் பூக்கள் வரைந்து விற்றார், ரோஜா, சாமந்தி. மனிதருக்கு இயற்கையின் பச்சையே ஆகாது. விருந்துக்குப் போன இடத்தில் ஜன்னல் வழியே மரம் தெரிகிறது என்று இருக்கையை மாற்றிக் கேட்டாராம், அப்படி ஒரு கதை உண்டு. அந்தக் கையால்தான் பூ வரைந்து வாடகை கட்டினார். அறையில் ஒரு செயற்கை மலர் வைத்திருந்தார். அதன் இலைக்கும் வெள்ளை அடித்திருந்தார். 1926இல் ஆந்த்ரே கெர்தெஸ் எடுத்த புகைப்படத்தில் அந்த மலர் ஒரு ஜாடியில் மேசைமேல் நிற்கிறது. பின்னால் கதவுக்கு அப்பால் மாடிப்படியின் வளைவு. மோண்ட்ரியான் வீட்டுப் படத்தில் வளைவு வெளியேதான் இருக்கிறது.

துறவி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நடனம் என்றால் உயிர். சார்ல்ஸ்டன் நடனத்தை ஹாலந்தில் தடைசெய்யப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, அப்படிச் செய்தால் அந்த நாட்டுக்கு நான் திரும்பவே மாட்டேன் என்று பேட்டியே கொடுத்தார். ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேர்த்தார். ஆடும்போதும் நிமிர்ந்த முதுகோடு மிகக் கவனமாக ஆடுவாராம்.

சாய்வுக்கோட்டுக்காக அவர் வான் டூஸ்பர்க்கை விட்டுப் பிரிந்த கதை பலமுறை வேடிக்கையாகச் சொல்லப்பட்டது. 1924 வாக்கில் டூஸ்பர்க் 45 பாகைச் சாய்வில் கோடு போட ஆரம்பித்தார், படத்துக்கு இன்னும் உயிர் வரும் என்றார். மோண்ட்ரியான் இதழிலிருந்தே விலகினார். இரண்டு வளர்ந்த ஆண்கள் ஒரு கோட்டின் கோணத்துக்காகச் சண்டை போட்டார்கள் என்று சிரிக்கலாம். வேறுமாதிரியும் பார்க்கலாம். மோண்ட்ரியானே 1918 முதல் கித்தானைத் திருப்பி, நான்கு முனையில் ஒன்றில் நிற்கும்படி தொங்கவிட்டு வரைந்தவர். ஆனால் உள்ளே ஓடும் கோடுகள் நிமிர்ந்தும் கிடந்துமே இருக்கும். சட்டம் சாயலாம், கோடு சாயக்கூடாது. சாய்வுக்கோடு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது. நிமிர்ந்த கோடும் கிடந்த கோடும் வெட்டிக்கொள்ளும்போது எங்கும் போகாமல் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. முன்னது ஓட்டம், பின்னது முறுக்கு. அவருக்கு வேண்டியிருந்தது முறுக்கு.

அவர் வேலை செய்த விதம் இதற்கு ஒத்துப்போகிறது. சூத்திரம், விகிதக் கணக்கு எதுவும் இல்லை. அப்படிக் கணக்குப் போடுகிறார் என்று சொல்பவர்களை அவர் மறுத்தார். கரிக்கோலால் கோடு போடுவார், அழிப்பார், ஒரு நூலளவு தள்ளிப் போடுவார், உட்கார்ந்து பார்ப்பார். வர்ணம் பூசிய பிறகும் கோட்டை நகர்த்துவார்; பழைய கோட்டின்மேல் வெள்ளையைப் பூசி மறைப்பார். ஒரு படம் மாதக்கணக்கில் இழுக்கும். 1940இல் அமெரிக்கா போனபோது ஐரோப்பாவில் வரைந்திருந்த படங்களைக் கொண்டுபோய், பலவற்றை மறுபடியும் திருத்தினார். ‘பிளாஸ் தெ லா கொன்கோர்ட்’, 1938–43. ‘டிரஃபால்கர் ஸ்குவேர்’, 1939–43. கித்தானிலேயே இரண்டு ஆண்டையும் குறித்துவைத்தார்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு சோதனையைப் பார்க்க வேண்டும். மைக்கேல் நோல் என்ற பொறியாளர் 1964இல், மோண்ட்ரியானின் 1917ஆம் ஆண்டுக் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம் ஒன்றைப் போலவே கணினியை வைத்துத் தற்செயல் எண்களால் ஒரு படம் உருவாக்கினார். இரண்டின் நகலையும் 100 பேரிடம் காட்டினார். 59 பேருக்குக் கணினிப் படம் அதிகம் பிடித்திருந்தது. எது கணினி செய்தது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர்தான். மோண்ட்ரியானின் ஒழுங்கைப் பார்த்து அதுதான் இயந்திரம் என்று பெரும்பாலோர் நினைத்துவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிய இன்றைய சர்ச்சைகளில் இந்தச் சோதனையை எடுத்துக் காட்டுகிறவர்கள் உண்டு. என் கருத்து: அங்கே ஒப்பிடப்பட்டவை இரண்டு காகித நகல்கள். ஒட்டுமொத்தத் தோற்றம் மட்டும்தான் போட்டியில் இருந்தது. வெள்ளையின் மேடும் கோட்டின் பள்ளமும் போட்டிக்கே வரவில்லை.

1937இல் நாஜிகள் மியூனிக்கில் நடத்திய ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் அவர் படங்களும் இழிவுக்காக மாட்டப்பட்டன. மறு ஆண்டு செப்டம்பரில் லண்டன் போனார். ஹாம்ஸ்டெட் பகுதியில் பென் நிக்கல்சன், பார்பரா ஹெப்வொர்த் ஆகிய கலைஞர்களின் பக்கத்தில் ஓர் அறை. அதையும் வெள்ளை அடித்தார். 1940இல் குண்டுகள் விழ ஆரம்பித்ததும் ஹாரி ஹோல்ட்ஸ்மன் என்ற இளம் ஓவியரின் உதவியோடு கப்பலேறி, அக்டோபர் 3 அன்று நியூயார்க் சேர்ந்தார். வந்த புதிதில் ஹோல்ட்ஸ்மன் பூகி-வூகி இசைத்தட்டை ஓடவிட்டார். இடது கை ஒரே தாளத்தைப் பிடித்துக்கொள்ள, வலது கை பியானோவில் தெறித்து விளையாடும் கறுப்பர் இசை அது. 68 வயதுக் கிழவர் கைகளைச் சேர்த்துக்கொண்டு ‘அபாரம், அபாரம்’ என்றாராம்.

நியூயார்க்கில் அவருக்குக் கிடைத்த இன்னொரு செல்வம், வர்ணக் காகித ஒட்டுநாடா. கோட்டை நகர்த்த இனி வெள்ளை பூசிக் காயவிட வேண்டாம்; உரித்து ஒட்டினால் போதும். நாடாவை ஒட்டி, பார்த்து, உரித்து, தள்ளி ஒட்டினார். கறுப்புக் கோடு மறைந்தது. மஞ்சள், சிவப்பு, நீல நாடாக்கள் கூடைமுடைவதுபோல மேலும் கீழும் புகுந்து போயின. ‘நியூயார்க் சிட்டி’ என்ற படத்தைத் தைல வண்ணத்தில் முடித்தார், அது இப்போது பாரிஸின் பொம்பிடு மையத்தின் தொகுப்பில் இருக்கிறது. ‘நியூயார்க் சிட்டி 1’ நாடா நிலையிலேயே நின்றுபோனது. அதில் கையெழுத்து இல்லை.

அந்தப் படத்துக்கு ஒரு விசித்திர யோகம். 1945இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்டப்பட்டது, 1980இல் ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் நகரிலுள்ள மாநிலக் கலைத் தொகுப்புக்கு வந்தது. 2022இல் அங்கே கண்காட்சிப் பொறுப்பாளர் சுசன்னே மேயர்-பூசர், படம் இத்தனை காலமும் தலைகீழாகத் தொங்குகிறது என்று அறிவித்தார். நாடாக்கள் நெருக்கமாக இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும்; பொம்பிடு படத்தில் அப்படித்தான் இருக்கிறது. உலகப் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். தலைகீழாக மாட்டினாலும் தெரியாத படம் ஒரு படமா என்று கிண்டல் பொங்கியது. எனக்கு அந்தச் செய்தியில் பட்டது வேறு. திருப்பி மாட்டலாமே என்றதற்கு, முடியாது என்றார்கள். எண்பது வருடப் பசை. புரட்டினால் புவியீர்ப்பு எதிர்ப்பக்கம் இழுத்து நாடா கழன்றுவிடும். ஆகவே அது தலைகீழாகவே இருக்கும்.

1943இல் முடித்த ‘பிராட்வே பூகி-வூகி’யில் நாடாக்கள் வர்ணமாகிவிட்டன. மஞ்சள் தெருக்களில் சிவப்பும் நீலமும் சாம்பலுமாகச் சின்னச் சதுரங்கள் தத்தித் தத்திப் போகின்றன. 127 சென்டிமீட்டர் சதுரம். மாடியிலிருந்து பார்க்கும் போக்குவரத்து என்றும் சொல்லலாம், பியானோ என்றும் சொல்லலாம். பிரேசில் சிற்பி மரியா மார்ட்டின்ஸ் அதை 800 டாலருக்கு வாங்கித் தன் பெயரைச் சொல்லாமல் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். 2022இல் மோண்ட்ரியானின் 1930ஆம் ஆண்டுச் சிறிய படம் ஒன்று ஏலத்தில் 5.1 கோடி டாலருக்குப் போனது.

அதே 1943இல் நியூயார்க்கில் கலைச் சேகரிப்பாளர் பெகி குகன்ஹைமின் காட்சிக்கூடத்தில் இளம் கலைஞர்களின் படங்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார்கள். ஜாக்சன் பொல்லாக் என்ற பெயர் தெரியாத ஆளின் ஓவியம், கிறுக்கலும் வளைவுமாக. பெகிக்குப் பிடிக்கவில்லை. மோண்ட்ரியான் அதன்முன் நெடுநேரம் நின்று, நான் அமெரிக்காவில் இதுவரை பார்த்தவற்றில் மிகவும் ஆர்வமூட்டுவது இதுதான் என்று சொல்லியிருக்கிறார். தன் கலையில் ஒரு சாய்வுக்கோட்டைச் சகிக்காதவர், அடுத்தவர் கலையில் அந்த ரகளையைக் கண்டுகொண்டார். பெகி மனம் மாறினார். பொல்லாக்கின் வாழ்வு அங்கிருந்து திசை திரும்பியது. மோண்ட்ரியானின் செல்வாக்கு என்று பட்டியல் போடுகிறவர்கள் கவுனிலும் கட்டடத்திலும் தேடுவார்கள். நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

கட்டடம் என்றதும் உட்ரெக்ட் நகரில் கட்டடக்கலைஞர் ரீட்வெல்ட் 1924இல் கட்டிய ஷ்ரோடர் வீடு நினைவுக்கு வரும், மோண்ட்ரியான் படத்துக்குள் குடியிருப்பதுபோல. அது டெ ஸ்டைல் கூட்டத்தின் சொத்து, இவர் ஒருவருடையதாகச் சொல்வது சரியில்லை. ஓவியர்களில் அவரோடு உண்மையாக மல்லுக்கட்டியவர் பார்னெட் நியூமன். 1966 முதல் நான்கு பெரிய படங்கள் தீட்டி, ‘சிவப்பு, மஞ்சள், நீலத்தைக் கண்டு யாருக்குப் பயம்?’ என்று தலைப்பு வைத்தார். மோண்ட்ரியான் அந்த மூன்று வர்ணங்களையும் பணயம் பிடித்துவைத்திருக்கிறார், மீட்கப் போகிறேன் என்பது தொனி. (அவற்றில் மூன்றாவதை 1986இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடெலைக் அருங்காட்சியகத்தில் ஒருவர் கத்தியால் கிழித்தார். பயம் யாருக்கோ இருந்திருக்கிறது.) பிரேசிலில் லிஜியா கிளார்க் என்ற கலைஞர் 1959இல், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மோண்ட்ரியானுக்கே ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் இருவரும் டிசைனை எடுக்கவில்லை, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள்.

கடைசிப் படம் ‘விக்டரி பூகி-வூகி’, முனையில் நிற்கும் சதுரம். 1942இல் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குமேல் அதோடு கிடந்தார். நண்பர்கள் முடிந்துவிட்டது என்று நினைத்த நிலையில், 1944 ஜனவரியில் மறுபடியும் நாடாத் துண்டுகளை எடுத்து ஒட்டத் தொடங்கினார். ஒவ்வொரு தீர்வையும் தனித்தனிப் படமாக வைத்துக்கொள்ளலாமே, எதற்கு ஒரே கித்தானில் அழித்து அழித்துப் போடுகிறீர்கள் என்று ஓவியர் கார்ல் ஹோல்ட்டி கேட்டார். எனக்குப் படங்கள் வேண்டாம், கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் மோண்ட்ரியான். சில நாளில் நிமோனியா. பிப்ரவரி 1 அன்று இறந்தார். புரூக்ளினில் சைப்ரஸ் ஹில்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

டச்சு மத்திய வங்கி 1998இல் அந்த முடியாத படத்தை 8 கோடி கில்டருக்கு வாங்கி நாட்டுக்குக் கொடுத்தது. யூரோ வரப்போகிறது, கில்டருக்கு வழியனுப்பாம். நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது. படம் இப்போது டென் ஹாகில், சிவப்பு மரமும் சாம்பல் மரமும் இருக்கும் அதே கட்டடத்தில்.

அவர் இறந்த பிறகு ஹோல்ட்ஸ்மன், கிழக்கு 59ஆம் தெருவிலிருந்த அந்த அறையை ஆறு வாரம் பூட்டாமல் வைத்திருந்தார், விரும்பியவர்கள் வந்து பார்க்கட்டும் என்று. வெள்ளைச் சுவரில் வர்ண அட்டைகள் குத்தியபடி இருந்தன. ஒரே இடத்தில் பல ஆணித்துளைகள். அட்டையை அவர் எத்தனை முறை நகர்த்தினார் என்பது சுவரில் இருந்தது. அந்த நாட்களில் எடுத்த ஒரு புகைப்படம் ஜூன் மாதம் ‘டவுன் அண்ட் கன்ட்ரி’ பத்திரிகையில் வந்தது. ஓவியத் தாங்கியின்மேல் ‘நியூயார்க் சிட்டி 1’ அதில் தெரிகிறது, நெருக்கமான பக்கம் மேலே இருக்க, சரியான நிலையில்.